அருகிவரும் விலங்குகளைச் சித்திரிக்கும் லிமோஜ் பீங்கான் சிமிழ்கள்: முதன்முறை வாங்குபவர்களுக்கான வழிகாட்டி

பிரான்சின் லிமோஜ் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கையால் தீட்டப்பட்டு, பித்தளைக் கீலும் கொக்கியும் பூட்டப்பட்டு விற்பனைக்கு வரும் சிறு பீங்கான் சிமிழ்களை உலகெங்கும் பலர் சேகரிக்கிறார்கள். அவற்றில் பனிச்சிறுத்தை, பாண்டா, காண்டாமிருகம், கடலாமை, ஒராங்குட்டான் முதலிய அருகிவரும் விலங்குகளின் உருவில் அமைந்தவற்றை மட்டும் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. நான் அவர்களில் ஒருத்தி. இச்சிமிழ்களைப் பற்றித் தமிழில் படிக்க எதுவும் கிடைக்காமல், விற்பவர்களிடமும் கூரியர் நிறுவனங்களிடமும் சுங்க அலுவலர்களிடமும் துண்டுதுண்டாகக் கேட்டறிந்தவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். விலை உயர்ந்த பொருள் என்பதால் ஒவ்வொரு படியையும் பணம் செலுத்துவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பணம் போன பிறகு சரிசெய்யக்கூடியவை மிகக் குறைவு.

1. விலங்கைத் தேர்ந்தெடுங்கள், அதன் நிலையைச் சரிபாருங்கள்

விற்பனைப் பக்கங்களில் ‘அழிவின் விளிம்பில்’ என்ற அடைமொழி தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. உங்கள் தொகுப்புக்கு ஒரு வரையறை வேண்டுமென்றால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அப்பட்டியலில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்கள் மூன்று படிகளில் வைக்கப்பட்டுள்ளன. ஓர் இனம் படி மாறுவதும் உண்டு. பாண்டா 2016-லும் பனிச்சிறுத்தை 2017-லும் இரண்டாம் படியிலிருந்து அபாயம் குறைந்த முதல் படிக்கு மாற்றப்பட்டன. ஆப்பிரிக்க யானைகள் 2021-இல் இரண்டு இனங்களாகப் பிரித்து மதிப்பிடப்பட்டன. அவற்றுள் காட்டு யானை மிக உயர்ந்த அபாயப் படியில் இருக்கிறது. பேராமை எனப்படும் பச்சை ஆமை 2025-இல் அச்சுறுத்தல் பட்டியலிலிருந்தே வெளியே வந்துவிட்டது. அழுங்காமை இன்னும் மிக உயர்ந்த அபாயத்தில்தான் இருக்கிறது. ஆகவே ‘ஆமைச் சிமிழ்’ என்று கேட்டு வாங்குவது போதாது, எந்த ஆமை என்று கேட்க வேண்டும்.

இங்குதான் ஓவியரின் கவனமும் தெரியவரும். சிறுத்தையின் உடலில் உள்ள பூப்போன்ற வளையங்களுக்குள் புள்ளி இராது. ஜாகுவாருக்கு வளையத்துக்குள்ளும் புள்ளிகள் இருக்கும். சிவிங்கிப்புலிக்கு வளையமே இல்லை, நிறைந்த கரும்புள்ளிகளும் கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடும் இருக்கும். இந்தியக் காண்டாமிருகத்துக்கு ஒரே கொம்பு, கவசம் போல மடிந்த தோல். ஆப்பிரிக்காவின் இரண்டு இனங்களுக்கும் இரட்டைக் கொம்புகள். பாண்டாவின் முன்கால்களில் உள்ள கருமை தோள்களைச் சுற்றிப் பட்டையாகச் செல்ல வேண்டும். பனிச்சிறுத்தையின் வால் ஏறத்தாழ உடலளவுக்கு நீண்டு தடித்திருக்க வேண்டும். அழுங்காமையின் ஓட்டுத் தகடுகள் ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வாய் பறவையின் அலகு போல வளைந்திருக்கும். இந்த அடையாளங்கள் பிழையாகத் தீட்டப்பட்ட சிமிழை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை. ஒரு விலங்கை நினைவில் நிறுத்துவதற்காக ஒரு பொருளை வாங்குகிறோம் என்றால், அந்த விலங்கு அந்த விலங்காகவே இருக்க வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை இச்சிமிழ்களில் நான் இதுவரை கண்டதில்லை. என்றாவது ஒரு பட்டறை அதைச் செய்யும் என்று காத்திருக்கிறேன்.

2. அடிப்பகுதியைப் படியுங்கள்

சிமிழின் மேற்புறம் கண்ணைக் கவரும். அதன் அடையாளமும் மதிப்பும் அடிப்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். நேரில் வாங்கினால் திருப்பிப் பாருங்கள். தொலைவிலிருந்து வாங்கினால் அடிப்பகுதியின் தெளிவான ஒளிப்படத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் ‘லிமோஜ்’, ‘பிரான்ஸ்’ ஆகிய இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து ‘பேன் மேன்’ என்ற பிரெஞ்சுத் தொடரைத் தேடுங்கள். அது கையால் தீட்டப்பட்டது என்பதைக் குறிக்கும். பெரும்பாலும் தூரிகையாலேயே எழுதப்பட்டிருக்கும், பக்கத்தில் ஓவியரின் முதலெழுத்துகளும் இருக்கும். ‘ரெஓசே மேன்’ என்றிருந்தால், படம் அச்சிட்டு ஒட்டப்பட்டு அதன்மேல் சிறிது தூரிகை வேலை செய்யப்பட்டது என்று கொள்ள வேண்டும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் முழுவதும் கையால் தீட்டியதன் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்படத்தில் செய்தித்தாள் படங்களில் காண்பது போன்ற வரிசையான நுண்புள்ளிகள் தெரியும்; தூரிகை வேலையில் நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இழையும். புலியின் வரிகளிலும் பறவையின் இறகுகளிலும் இந்த வேறுபாடு எளிதில் தெரிந்துவிடும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பது போலவே லிமோஜ் பீங்கானுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 2017 டிசம்பரில் அளிக்கப்பட்ட அந்தக் குறியீட்டின்படி, வடித்தல், சுடுதல், அலங்கரித்தல் ஆகிய வேலைகள் அனைத்தும் லிமோஜ் அடங்கிய ஓத்-வியேன் மாவட்டத்துக்குள் நடந்திருக்க வேண்டும். வேறு நாட்டில் வார்க்கப்பட்ட வெற்றுச் சிமிழ்களை வாங்கி வண்ணம் மட்டும் தீட்டி விற்கும் வழக்கத்துக்கு இது ஒரு தடை. அதற்கு முன் செய்யப்பட்டவற்றில் இந்தக் குறியீடு இராது என்பதால், பழைய சிமிழை அது இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை.

மூன்று வலைகள் இங்கே இருக்கின்றன. ‘லிமோஜ் பாணி’ என்பது லிமோஜ் அல்ல. ‘லிமோஜ் சைனா’ என்ற முத்திரையைப் பழைய பிரெஞ்சுப் பொருள் என்று நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு பீங்கான் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இயங்கியது, வேறு இடங்களில் செய்த போலிகளிலும் இத்தகைய முத்திரைகள் காணப்படுகின்றன. கடைசியாக, வரம்புடைய பதிப்பு என்று விற்கப்படும் சிமிழில் எண் மட்டும் இருந்து மொத்தம் எத்தனை என்ற கணக்கு இல்லாவிட்டால், அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை தராதீர்கள். 500-இல் 45-ஆவது என்பதுபோல இரண்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

3. கீல், விளிம்பு, உட்புறம்

பீங்கான் கலவை முதலில் ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி வெப்பத்திலும், மெருகுப்பூச்சு ஏற்றிய பின் ஏறத்தாழ 1400 டிகிரியிலும் சுடப்படுகிறது. இந்தச் சூட்டில் பொருள் கணிசமாகச் சுருங்குவதால், தனித்தனியாக வார்க்கப்பட்ட மூடியும் கிண்ணமும் பிசிறின்றிப் பொருந்துவது எளிதன்று. மூடியைச் சாத்திப் பக்கவாட்டில் பாருங்கள்: பித்தளை வளையங்கள் இரண்டும் சுற்றிலும் ஒரே சீராகச் சந்திக்க வேண்டும். ஓரிடத்தில் இடைவெளியும் மறு இடத்தில் அழுத்தமும் இருந்தால் கீல் வளைந்திருக்கிறது, அல்லது பீங்கான் கோணியிருக்கிறது. கீல் வளைந்திருந்தால் சரிசெய்யலாம், கோணலைச் சரிசெய்ய முடியாது.

மெருகின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒன்றிரண்டு கரும்புள்ளிகள் தென்பட்டால் கவலைப்பட வேண்டாம். மயிரிழை விரிசலைத்தான் விடக் கூடாது. பித்தளை வளையம் விளிம்பை மூடியிருப்பதால் உடைந்த விளிம்பை அது மறைத்துவிட வாய்ப்புண்டு; ஆகையால் மூடியைத் திறந்து உட்புறமாக விளிம்பை ஒட்டி எடுத்த படத்தைக் கேட்டுப் பெறுங்கள். பழைய சிமிழ்களில் ஒட்டுவேலை நடந்திருக்கிறதா என்பதை அறியப் புற ஊதா விளக்கு உதவும். பிசினும் மேற்பூச்சு வண்ணமும் அந்த ஒளியில் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறுபட்டுத் தெரியும். காதுகள், தந்தங்கள், கொம்புகள், வால் நுனி ஆகியவை முதலில் உடையும் இடங்கள் என்பதால் விளக்கை அங்கேதான் காட்ட வேண்டும். நல்ல பட்டறைகளின் கொக்கியில் விலங்குக்கு ஏற்ற சிறு வடிவம் இருக்கும்: பாண்டாவுக்கு மூங்கில் இலை, ஆமைக்குச் சிப்பி என்பதுபோல. பொருந்தாத கொக்கி இருந்தால் அது பின்னர் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

4. கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கையால் தீட்டிய புதிய சிமிழ் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 முதல் 400 அமெரிக்க டாலர் வரை விலை சொல்வார்கள்; தாயும் குட்டியும் சேர்ந்த சிக்கலான உருவங்களுக்கும் சிறு எண்ணிக்கைப் பதிப்புகளுக்கும் அதற்கு மேலும் போகும். இந்தத் தொகையோடு கணக்கு முடிவதில்லை. அனுப்பும் கட்டணம், காப்பீடு, இறக்குமதி வரி, கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பணிக் கட்டணம், உங்கள் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம் ஆகியவை மேலே ஏறும். கடைசியாகச் சொன்னது பல அட்டைகளில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை இருக்கும், அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. இந்தியாவுக்கு வரவழைப்பதாக இருந்தால் சிமிழின் விலையில் பாதியைக் கூடுதல் செலவுக்கென்று தனியே ஒதுக்கிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். மிச்சமானால் நல்லது.

ஏலத்தில் எடுப்பவர்கள் மறக்கக் கூடாதது வாங்குவோர் கட்டணம். பிரெஞ்சு ஏல நிறுவனங்கள் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை அதற்காக வசூலிக்கின்றன. 100 யூரோவுக்கு ஏலம் கேட்கும்போது உங்கள் மனக்கணக்கு 130-இல் இருக்கட்டும்.

5. எங்கே வாங்குவது

பிரான்சுக்குப் பயணம் போகும் வாய்ப்பிருந்தால் லிமோஜுக்கே சென்று வாங்குவதுதான் என் விருப்பம். பாரிசின் ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் பெனெதிக்தேன் நிலையத்துக்கு நேரடி ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். லூயி பிளாங்க் பூலிவார் சாலையில் பீங்கான் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைக்குள் நுழைவதற்கு முன் ஆத்ரியேன் துபூஷே தேசிய அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். நல்ல பீங்கானின் வெண்மையையும் ஒளி ஊடுருவும் தன்மையையும் கண் ஒருமுறை பழகிக்கொண்டால் பிறகு எளிதில் ஏமாறாது. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கடைகள் பல ஞாயிறன்றும், சில திங்கள் காலையிலும் திறப்பதில்லை. ஆகஸ்டில் பட்டறைகள் பல வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஆகவே புதன் முதல் வெள்ளிவரையிலான நாட்களைத் தேர்ந்துகொள்வது நல்லது.

பயணம் இயலாதவர்கள் பட்டறையின் அல்லது அதன் விற்பனையாளரின் இணையக் கடையில் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பப்படும் பொருளுக்கு பிரான்சின் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி இல்லாமல் விற்க முடியும் என்பதால், வரி நீங்கிய விலையைக் கேளுங்கள். வரியுடன் 240 யூரோ என்று குறிக்கப்பட்ட சிமிழின் வரி நீங்கிய விலை 200 யூரோ. கேட்காதவர்களுக்கு 240-ஐயே வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு. பிரான்சிலோ ஒன்றியத்தின் வேறு நாட்டிலோ வசிக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. பெயர் பொறித்துத் தரச்சொல்லிச் செய்த சிமிழுக்கு அது பொருந்தாது.

6. பணம் கட்டும் முன் எழுத்தில் பெற வேண்டியவை

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். எனக்கு வந்த ஒரு யானைச் சிமிழ் சுங்கத்தில் பல வாரங்கள் தேங்கியதற்குக் காரணம், விற்பனையாளர் இன்வாய்ஸில் நிறத்தைக் குறிப்பதற்காக ‘ஐவரி’ என்று எழுதியிருந்ததே. யானை என்ற சொல்லும் தந்தம் என்று பொருள்படும் சொல்லும் ஒரே வரியில் இருக்கும்போது ஒரு சுங்க அலுவலர் பொதியை நிறுத்திவைப்பது அவருடைய கடமை. தந்தமும் அழுங்காமை ஓடும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின்கீழ் வருகின்றன. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகத்துக்கும் இடமில்லை. ஆனால் பீங்கானும் பித்தளையும் மட்டும் கொண்ட சிமிழுக்கு இவற்றில் எந்த அனுமதியும் தேவையில்லை. அது பீங்கானும் பித்தளையும் மட்டும்தான் என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும், அவ்வளவே.

இன்வாய்ஸில் பொருள் விவரம் இவ்வாறு இருக்கும்படி கேளுங்கள்: ‘கையால் தீட்டிய அலங்காரப் பீங்கான் பெட்டி, பித்தளைக் கீலுடன், யானை உருவம் தீட்டப்பட்டது, விலங்கிலிருந்து பெறப்பட்ட எந்தப் பொருளும் இதில் இல்லை’. நிறத்தை வெண்மை என்றோ பாலாடை நிறம் என்றோ எழுதச் சொல்லுங்கள். ‘ஆமைப் பெட்டி’, ‘புலிப் பெட்டி’ என்று சுருக்கமாக எழுதுவதைத் தடுத்துவிடுங்கள். பொருள் வகைப்பாட்டு எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். பீங்கானால் ஆன அலங்காரப் பொருட்கள் 6913 10 என்ற எண்ணில் வருகின்றன. உணவுமேசைப் பீங்கானுக்குரிய 6911 என்ற எண்ணைத் தவறுதலாக இட்டுவிடுவதும் நடக்கிறது.

இன்வாய்ஸில் பிறப்பு நாடு பிரான்ஸ் என்பதும், உண்மையான விலையும், அனுப்பும் கட்டணமும் காப்பீடும் தனித்தனி வரிகளாகவும் இருக்க வேண்டும். விலையைக் குறைத்து எழுதித் தருவதாக விற்பனையாளர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சட்டப்படி அது குற்றம். பொருள் உடைந்தால் அந்தக் குறைந்த விலைக்கு மேல் காப்பீட்டுத் தொகையும் கிடைக்காது. ‘பரிசு’ என்று எழுதினால் வரி இல்லை என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். உயிர்காக்கும் மருந்துகள், ராக்கி ஆகியவை நீங்கலாகப் பரிசுப் பொதிகளுக்கு இந்தியாவில் இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.

அடுத்தது உங்கள் பெயர். ஆதாரில் முதலெழுத்தோடும், கடவுச்சீட்டில் தந்தை பெயரை விரித்தும், வங்கி அட்டையில் வேறொரு வரிசையிலும் நம் பெயர்கள் இருப்பது வழக்கம். அடையாளச் சான்றாக எந்த ஆவணத்தைத் தரப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பொதியின் மேலும் இன்வாய்ஸிலும் பெயர் இருக்க வேண்டும். இந்த ஒன்றால் மட்டும் நின்றுபோகும் பொதிகள் ஏராளம் என்று கூரியர் அலுவலகத்தில் சொன்னார்கள்.

பழைய சிமிழ் வாங்குபவர்கள், தந்தமோ ஆமை ஓடோ பதிக்கப்பட்ட எதையும் தொடவே வேண்டாம். அழுங்காமையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொகுக்கும் ஒருவர் அதன் ஓட்டைப் பதித்த பெட்டிக்குப் பணம் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

7. ‘வருமானத்தில் ஒரு பங்கு விலங்குகளுக்கு’ என்றால்

சில விற்பனையாளர்கள் சிமிழின் விலையில் ஒரு பகுதி விலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது என்கிறார்கள். பெறும் அமைப்பின் பெயர் என்ன, பங்கு விழுக்காடா நிலையான தொகையா, விற்பனை விலையிலா இலாபத்திலா, எந்தத் தேதிவரை நடப்பில் உள்ளது என்று எழுதிக் கேளுங்கள். பெயர் சொன்னால் அந்த அமைப்பின் அறிக்கையிலோ அவர்களிடமே கேட்டோ உறுதிசெய்யலாம். விடை வராவிட்டால் அந்தச் சொற்களை விலையில் சேர்க்காமல் சிமிழைச் சிமிழாக மட்டும் மதிப்பிடுங்கள். நான் ஒவ்வொரு சிமிழ் வாங்கும்போதும் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை அந்த விலங்குக்காகக் களத்தில் வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு நேரடியாக அனுப்பிவிடுகிறேன். இரசீது என் பெயரில் வருகிறது, பணம் எங்கே போனது என்ற ஐயமும் இல்லை.

8. நேரில் வாங்கி எடுத்துவருவோர் வரியைத் திரும்பப் பெறும் முறை

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராகவும், 16 வயது நிரம்பியவராகவும், ஆறு மாதத்துக்குக் குறைவாக பிரான்சில் தங்குபவராகவும் இருந்தால், ஒரே கடையில் மூன்று நாட்களுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியதற்கு மதிப்புக்கூட்டு வரியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடை இச்சேவையைத் தருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எல்லாக் கடைகளும் தருவதில்லை. கடவுச்சீட்டின் மூலத்தைக் காட்டினால் பட்டைக் குறியீடு அச்சிட்ட படிவம் கொடுப்பார்கள். இடைத்தரகு நிறுவனத்தின் பங்கு கழிந்தபின் கைக்கு வருவது பெரும்பாலும் 12 விழுக்காட்டையொட்டி இருக்கும். 240 யூரோவுக்கு ஏறத்தாழ 29 யூரோ.

விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே ‘பாப்லோ’ என்னும் இயந்திரத்தில் அந்தக் குறியீட்டைக் காட்டிப் பச்சைத் திரை வரும்வரை காத்திருங்கள். சுங்க அலுவலர் பொருளைக் காட்டச் சொல்லலாம், எனவே சிமிழ் கைப்பையில் இருக்கட்டும். உடையாமல் வருவதற்கும் அதுதான் நல்லது. பாரிசிலிருந்து பிராங்பர்ட் போன்ற ஒன்றியத்தின் இன்னொரு நகரம் வழியாகப் போகிறவர்கள், கைப்பையில் உள்ள பொருளுக்கு ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில்தான் முத்திரை வாங்க வேண்டும். துபாய், தோகா வழியாகச் செல்பவர்களுக்குப் பாரிசிலேயே வேலை முடிந்துவிடும். வாங்கிய மாதத்தை அடுத்த மூன்று மாதங்கள் முடிவதற்குள் பொருள் வெளியேறியிருக்க வேண்டும். வரிசையில் நிற்பதற்காக வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள்.

இந்தியாவில் இறங்கும்போது, பயணிகளுக்கான வரியில்லா வரம்புக்கு மேல் போனால் சிவப்பு வழியில் சென்று அறிவித்து வரி செலுத்துங்கள். வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் புறப்படும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. பிரான்சு கடையின் இன்வாய்ஸ் கையில் இருந்தால் அலுவலர் விலையை ஊகித்து மதிப்பிட வேண்டிய நிலை வராது.

9. கூரியரிலோ அஞ்சலிலோ வந்தால்

கூரியர் வழியாக லிமோஜிலிருந்து சென்னைக்கு, காகிதங்கள் சரியாக இருந்தால் ஒரு வாரத்தையொட்டி வந்துசேரும். சாதாரண அஞ்சலுக்கு மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கோ திருமண நாளுக்கோ வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். சிமிழ் இருப்பில் இல்லாமல் புதிதாகத் தீட்டித்தர வேண்டியிருந்தால், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தங்கப்பூச்சுக்கும் தனித்தனியாகச் சூளைக்குப் போய்வர வேண்டும் என்பதால் அந்தக் காலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பொதி இந்தியாவை அடைந்ததும் கூரியர் நிறுவனம் அடையாள, முகவரிச் சான்று கேட்கும். ஆதார், கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றில் ஒன்றின் படத்தை அவர்களுடைய தளத்தில் ஏற்றுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தாமல், பொதியின் தடம்பற்றும் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே செல்லுங்கள். சுங்கவரி என்று சொல்லிப் பணம் பறிக்கும் போலிச் செய்திகள் பெருகிவிட்டன. இன்வாய்ஸ், பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்று, பொருளின் படம், விற்பனைப் பக்கத்தின் அச்சு ஆகியவற்றை ஒரே கோப்பாக முன்கூட்டியே செய்துவைத்திருந்தால், கேட்ட அன்றே அனுப்பிவிடலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கிடங்குக் கட்டணம் ஏறக்கூடும்.

வரி கணக்கிடப்படும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். பொருளின் விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் சேர்த்ததே வரிக்குரிய மதிப்பு. இன்வாய்ஸில் காப்பீட்டுத் தொகை இல்லையென்றால் பொருள் விலையில் 1.125 விழுக்காட்டைச் சேர்ப்பார்கள். அனுப்பும் கட்டணம் தெரியாவிட்டால் 20 விழுக்காடு சேரும். விமானத்தில் வரும் பொருளுக்கு உண்மைக் கட்டணம் எவ்வளவாக இருந்தாலும் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது விதி. 200 யூரோ சிமிழுக்கு 60 யூரோ கூரியர் கட்டணம் கொடுத்திருந்தால், கணக்கில் 40 யூரோ மட்டுமே ஏற வேண்டும். அந்த மதிப்பின்மேல் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின்மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று படிப்படியாக ஏறும். சொந்தப் பயன்பாட்டுக்காக வருவிக்கும் பொருட்களுக்கான அடிப்படை விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாறுகிறது, ஆகவே பழைய கட்டுரைகளில் உள்ள எண்களை நம்பாமல் நடப்பு விகிதத்தைப் பாருங்கள். மதிப்பீட்டுத் தாளை வாங்கி வரி வரியாகச் சரிபாருங்கள். தவறிருந்தால் எழுத்தில் கேட்கத் தயங்காதீர்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு வேலை எளிது: 9 விழுக்காடு ஜி.எஸ்.டி. கட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும். பிரிட்டனில் 135 பவுண்டுக்கு மேற்பட்ட பொதிக்கு 20 விழுக்காடு வரி நுழையும்போது வசூலிக்கப்படும். அமெரிக்காவில் 800 டாலர்வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதால், பழைய நினைப்பில் வாங்கி அதிர்ச்சி அடைய வேண்டாம்.

10. பொதி வந்த அன்று

உறையைப் பிரிப்பதற்கு முன் ஆறு பக்கங்களையும் படம் எடுங்கள், பிரிப்பதை இடைவெட்டில்லாத காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். பீங்கானை விலக்கிவைக்கும் காப்பீட்டுத் திட்டங்கள் உண்டு என்பதால், விதிமுறையில் ‘உடையக்கூடிய பொருள்’ என்ற விலக்கு இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே விற்பனையாளரைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். சேதம் தெரிந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். பிரான்சுக்குள் பொதி பெறுபவர்களுக்கு அங்குள்ள வணிகச் சட்டம் மூன்று நாள்தான் அவகாசம் தருகிறது. பொதிந்துவந்த அட்டைப்பெட்டியையும் நிரப்பு காகிதங்களையும் புகார் முடியும்வரை எறியாதீர்கள்.

எல்லாம் நலமென்றால், அடிப்பகுதி, உட்புறம், கொக்கி, நான்கு பக்கங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, இன்வாய்ஸ், சுங்க இரசீது, சான்றிதழ் ஆகியவற்றோடு ஒரு சிமிழுக்கு ஓர் உறை என்று வைத்துவிடுங்கள். பின்னால் விற்க நேர்ந்தாலும் வீட்டுக் காப்பீட்டில் சேர்க்க விரும்பினாலும் இந்த உறையைத்தான் கேட்பார்கள்.

11. பராமரிப்பு

சிமிழை மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள்; எடை முழுவதும் கீலில் இறங்கிவிடும். தூசியை மென்தூரிகையால் தட்டினால் போதும், நீரில் அமிழ்த்தக் கூடாது, ஏனெனில் வளையத்துக்குள் புகுந்த ஈரம் வெளியேறாமல் பசையைத் தளர்த்தும். கடலோர ஊர்களில் பித்தளை விரைவில் கறுக்கும். வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பித்தளைப் பொடியும் வேண்டாம். புளியின் அமிலம் வளையத்தின் இடுக்கில் தங்கிவிடும். பொடி உராய்ந்தால் பக்கத்திலுள்ள தங்கக்கோடு போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, கண்ணாடி அலமாரியில் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள், பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.